'தூக்கம் வரல, நெஞ்சு படபடக்குது': பெண்களுக்கு வரும் பி.டி.எஸ்.டி. ஏன் கண்ணில் படுவதில்லை?

கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருக்கிறது, மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று செய்தி வருகிறது. நமக்கு அது ஒரு வரிச் செய்தி. குடை எடுத்துக்கணுமா, ஸ்கூல் லீவா என்பதோடு முடிந்துவிடும். ஆனால் திருவனந்தபுரம் மாவட்டத்தின் பூந்துறை, விழிஞம், பொழியூர் கடற்கரைகளில் அந்த ஒரு வரியைக் கேட்டதும் கை நடுங்கத் தொடங்கும் பெண்கள் இருக்கக்கூடும். ஒக்கி புயல் அடித்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. உடம்புக்கு மட்டும் அது இன்னும் நேற்று நடந்தது போலவே இருக்கும்.

இதற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு: பி.டி.எஸ்.டி. தமிழில் 'அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு' என்கிறார்கள். இலங்கைத் தமிழில் இத்தகைய ஆழ்ந்த மனக்காயத்துக்கு 'மனவடு' என்ற அழகான சொல் இருக்கிறது. காயம் ஆறினாலும் தழும்பு நிற்கும் என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது.

சிகிச்சையால் நன்றாகக் குறையக்கூடிய நோய் இது. ஆனாலும் இது வந்த பெண்களில் பலர் சிகிச்சை வரை போவதே இல்லை. ஏன்? எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கே போவது? பார்ப்போம்.

ஒக்கியில் என்ன நடந்தது?

2017 நவம்பர் 29, 30 தேதிகளில் குமரிக் கடலையொட்டி மிக வேகமாக வலுப்பெற்றது ஒக்கி. எச்சரிக்கை கரையை எட்டியபோது நூற்றுக்கணக்கான படகுகள் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தன. கேரள அரசின் கணக்குப்படி 52 பேர் இறந்தார்கள், 91 பேர் திரும்பவே இல்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று வரிசையாக எல்லா ஊரிலும் இழவு விழுந்தது. 1956 வரை இரு பக்கமும் ஒரே திருவிதாங்கூர்தான். கொண்டு கொடுத்த சொந்தங்கள் இரு பக்கமும் உண்டு. துக்கமும் அப்படித்தான் பரவியது.

கரையில் இருந்த பெண்கள் என்ன செய்தார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். நாள்கணக்கில் கடற்கரையில் காத்திருந்தார்கள். சாலையில் இறங்கிப் போராடினார்கள். வாரங்கள் கழித்து ஒதுங்கிய உடல்களை முகம் பார்த்து அடையாளம் காண முடியாத நிலையில், டி.என்.ஏ. சோதனை முடிவுக்காக மருத்துவமனைப் பிணவறை வாசலில் நின்றார்கள். பிறகு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள், கடன்காரருக்குப் பதில் சொன்னார்கள், மீன் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போனார்கள்.

கேரள அரசு இறந்தவர்களின் குடும்பத்துக்குத் தலா 20 லட்சம் ரூபாய் அறிவித்தது. ஆற்றுப்படுத்தும் குழுக்களும் கரைக்கு வந்தன. தேவையான உதவிதான். ஆனால் பி.டி.எஸ்.டி.க்கு ஒரு குணம் உண்டு: குழுக்கள் வரும் வாரத்தில் அது தெரிந்தே ஆக வேண்டும் என்பதில்லை. சிலருக்கு ஆறு மாதம் கழித்துத்தான் முழுமையாக வெளிப்படும். அப்போது குழுக்களும் கேமராக்களும் திரும்பிப் போயிருக்கும்.

அதிர்ச்சி எல்லாருக்கும் வர்றதுதானே? அதுல நோய் எங்கே வந்தது?

நியாயமான கேள்வி. பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு தூக்கம் கெடுவதும், அழுகை வருவதும், திடுக்கிடுவதும் இயல்பு. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் அது தானாகவே அடங்கும். அடங்காமல் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, அன்றாட வாழ்க்கையைக் குலைத்தால்தான் மருத்துவர்கள் பி.டி.எஸ்.டி. என்று யோசிப்பார்கள்.

உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாடு மூன்று அடையாளங்களைச் சொல்கிறது.

ஒன்று, மீண்டும் நிகழ்வது. சினிமாவில் வரும் ஃபிளாஷ்பேக்கை நாம் வெளியே உட்கார்ந்து பார்க்கிறோம். இங்கே அப்படி இல்லை. அந்த நாற்றம், அந்தச் சத்தம், அந்த பயம் எல்லாம் இப்போதே நடப்பது போல உடம்பு உணரும். கெட்ட கனவாகவும் வரும்.

இரண்டு, தவிர்ப்பது. அந்த இடம், அந்த ஆள், அந்தப் பேச்சு எதுவும் வேண்டாம் என்று விலகுவது. கடலோரத்திலேயே வாழ்ந்துகொண்டு கடலைப் பார்க்கும் ஜன்னலைத் திறக்காமல் இருப்பது ஓர் உதாரணம்.

மூன்று, ஆபத்து இன்னும் இருக்கிறது என்ற உணர்வு. கதவு தட்டினால் தூக்கிவாரிப் போடும். இரவில் தாழ்ப்பாளைப் பலமுறை சரிபார்க்கத் தோன்றும். போன் அடித்தாலே நெஞ்சு படபடக்கும்.

சிறு வயதிலிருந்தோ பல ஆண்டுகளாகவோ தொடர்ந்து கொடுமை அனுபவித்தவர்களுக்கு இவற்றோடு வேறு சிலவும் சேரும்: நான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம், யாரோடும் நெருங்க முடியாமை, கோபத்தையோ அழுகையையோ கட்டுப்படுத்த முடியாமை. இதை 'சிக்கலான பி.டி.எஸ்.டி.' என்று தனியாகவே வகைப்படுத்துகிறார்கள்.

பெண்களுக்கு ஏன் அதிகம்?

அமெரிக்காவில் 1995இல் வெளியான ஒரு தேசிய ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. வாழ்நாளில் ஏதாவது ஒரு பெரிய அதிர்ச்சியைச் சந்தித்தவர்கள் ஆண்களில் சுமார் 61 சதவீதம், பெண்களில் 51 சதவீதம். அதாவது அதிர்ச்சி ஆண்களுக்குத்தான் அதிகம். ஆனால் பி.டி.எஸ்.டி. வந்தது ஆண்களில் 5 சதவீதம் பேருக்கு, பெண்களில் 10.4 சதவீதம் பேருக்கு.

'பொம்பளைங்களுக்கு மனசு வீக்' என்று இதற்கு விளக்கம் சொன்னால் அது தப்பு. முக்கியமான காரணங்களில் ஒன்று, எந்த வகை அதிர்ச்சி என்பது. விபத்தைவிட, பாலியல் வன்முறையும் நம்பிய ஆளே செய்யும் கொடுமையும் பி.டி.எஸ்.டி.யை அதிகம் உண்டாக்கும். இந்த இரண்டும் பெண்களுக்கே அதிகம் நடக்கின்றன. அதுவும் ஒருமுறை நடந்து முடிவதில்லை. அதே வீட்டில், அதே ஆளிடமிருந்து திரும்பத் திரும்ப நடக்கிறது.

இந்தியாவில் 2019-21இல் எடுத்த தேசிய குடும்பநல ஆய்வின்படி, 18 முதல் 49 வயது வரையுள்ள, திருமணமான பெண்களில் 100க்கு 29 பேர் கணவரின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடியவர்கள் 14 சதவீதம் மட்டுமே.

பிரசவமும் இந்தப் பட்டியலில் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. உயிர் போய் வந்த பிரசவம், குழந்தையை இழந்த பிரசவம், வலியில் கத்தியதற்குத் திட்டும் அடியும் வாங்கிய பிரசவம் இவையும் பி.டி.எஸ்.டி.யில் முடியலாம். பிரசவித்த பெண்களில் 100க்கு சுமார் 4 பேருக்கு இது வருவதாகப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த கணக்கு சொல்கிறது. இரண்டாவது குழந்தையே வேண்டாம் என்று ஒரு பெண் அடம்பிடித்தால், அதன் பின்னால் இப்படி ஒன்று இருக்கலாம்.

அப்படியிருந்தும் ஏன் கண்டுபிடிக்கப்படுவதில்லை?

முதல் காரணம், அது வேறு பெயரில் வருகிறது. 'எனக்கு ஃபிளாஷ்பேக் வருது டாக்டர்' என்று யாரும் ஓ.பி. சீட்டு வாங்குவதில்லை. தலைவலி, உடம்பெல்லாம் எரிச்சல், தலைசுற்றல், நெஞ்சடைப்பு, தூக்கமின்மை, வயிற்றுக் கோளாறு என்றுதான் வருவார்கள். விக்ரம் படேல் குழு கோவாவில் பெண்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று, வெள்ளைப்படுதல் என்று சொல்லி வரும் பெண்களில் பலருக்கு அதன் பின்னால் மனத்துயரம் இருப்பதைக் காட்டியது. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் இதையே பதிவு செய்திருக்கிறார்: நம் சமூகங்களில் மனவலி உடல்வலியாகத்தான் பேசும்.

ஆகவே கேஸ் மாத்திரை, சத்து ஊசி, தைராய்டு டெஸ்ட், ஸ்கேன் என்று சுற்றுவார்கள். எல்லாம் நார்மல் என்று வரும். 'ஒண்ணுமில்லமா, டென்ஷன்தான்', 'மாதவிடாய் நிக்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்' என்று அனுப்பிவிடுவார்கள். அந்த 'ஒண்ணுமில்ல' என்ற வார்த்தைக்குப் பிறகு அவர் மறுபடி வாயைத் திறப்பது கஷ்டம்.

இரண்டாவது காரணம், வேலை. காலையில் எழுந்து சமைக்கிறார், வேலைக்குப் போகிறார், சிரித்துப் பேசுகிறார், அப்புறம் என்ன நோய் என்று நினைக்கிறோம். ஆனால் இடைவிடாமல் வேலை செய்வதும் ஒரு வகைத் தவிர்ப்புதான். உட்கார்ந்தால் நினைவு வந்துவிடும் என்பதால் உட்காராமல் இருப்பவர்கள் உண்டு. 'எவ்வளவு தைரியமான பொம்பளை' என்று ஊர் பாராட்டும்.

மூன்றாவது, கோபமும் மரத்துப்போதலும். பிள்ளைகள் மேல் சட்டென்று எரிந்து விழுவது, கணவர் தொட்டாலே உதறுவது, சிரிப்போ அழுகையோ வராமல் கல் மாதிரி இருப்பது. வீட்டில் இதை 'திமிர்', 'குணம் மாறிப்போச்சு' என்பார்கள். நினைவு தப்பி வேறு ஆளைப் போல நடந்துகொண்டால் 'பேய் பிடிச்சிருக்கு' என்பார்கள். அதிர்ச்சியின்போது மனம் தன்னையே துண்டித்துக்கொள்வது பி.டி.எஸ்.டி.யில் நடக்கக்கூடியதுதான்.

நான்காவது, பெயர் கெட்டுவிடும் என்ற பயம். சென்னையில் 'கீழ்ப்பாக்கம்' என்றால் என்ன அர்த்தமோ, திருவனந்தபுரத்தில் 'ஊளம்பாறை' என்றால் அதே அர்த்தம். அங்குள்ள அரசு மனநல மருத்துவமனை 19ஆம் நூற்றாண்டிலிருந்து இயங்குகிறது. ஊர்ப்பெயரையே வசவாக மாற்றிவிட்டது பொதுப்பேச்சு. மகளுக்குக் கல்யாணம் ஆக வேண்டுமே என்று யோசிக்கும் தாய் அந்த வாசலை மிதிப்பாரா?

உடல் கிடைக்காத வீடுகளில் என்ன நடக்கிறது?

இறந்தவரின் உடலைப் பார்த்து அழுது அடக்கம் செய்த குடும்பத்துக்கும், 91 பேர் போல திரும்பி வராதவர்களின் குடும்பத்துக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் இதைத் 'தெளிவில்லாத இழப்பு' என்று அழைக்கிறார். செத்தவரா, இருப்பவரா என்று தெரியாதபோது துக்கம் தொடங்கவும் முடியாது, முடியவும் முடியாது.

ஒருவரைப் பற்றி ஏழு ஆண்டு தகவல் இல்லாவிட்டால்தான் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது நம் சாட்சியச் சட்டத்தின் பொது விதி. ஒக்கியில் காணாமல் போனவர்களுக்காக அரசுகள் அந்தக் காத்திருப்பைத் தளர்த்தி இழப்பீடு கொடுத்தன. பசித்த வீட்டுக்கு அது அவசியம். ஆனால் இழப்பீடு வாங்க, 'என் கணவர் இறந்துவிட்டார்' என்று தாளில் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. மனம் ஒப்பாத ஒன்றில் கை மட்டும் கையெழுத்துப் போடுவது எப்படிப்பட்ட வலி என்று யோசித்துப் பாருங்கள்.

இலங்கையின் வடக்கில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் தாய்மார்கள் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் சாலையோரப் பந்தலில் உட்கார்ந்தார்கள். போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. பதில் கிடைக்காமலே இறந்துபோன தாய்மார்கள் உண்டு. அவர்களிடம் 'மறந்துட்டு அடுத்த வேலையைப் பாருங்க' என்று சொல்வது ஆறுதல் ஆகாது. ஒருவருக்குத் தேவைப்படுவது துக்கத்துக்கான துணையா, பி.டி.எஸ்.டி. சிகிச்சையா, மனச்சோர்வுக்கான சிகிச்சையா, மூன்றுமா என்று பிரித்துப் பார்ப்பது பயிற்சி பெற்றவரின் வேலை.

'இத்தனை வருஷம் ஏன் சொல்லல?'

கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, இதே திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகம் இருக்கிறது. மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலையை ஆராய்ந்த நீதிபதி ஹேமா கமிட்டி 2019 டிசம்பர் 31 அன்று தன் அறிக்கையை முதல்வரிடம் கொடுத்தது. பெயர்களும் சில பகுதிகளும் நீக்கப்பட்டு அது வெளியானது 2024 ஆகஸ்ட் 19 அன்று. அதன் பிறகு பல பெண்கள் பழைய சம்பவங்களைப் பேசத் தொடங்கியதும் சமூக வலைத்தளங்களில் முதலில் வந்த கேள்வி இதுதான்: 'அப்பவே ஏன் சொல்லல?'

மேலே சொன்ன இரண்டாவது அடையாளத்தைத் திரும்பப் படியுங்கள். தவிர்ப்பது இந்த நோயின் மையம். புகார் கொடுப்பது என்றால் நடந்ததை முதலிலிருந்து கடைசி வரை, தெரியாத ஆட்களிடம், பலமுறை சொல்ல வேண்டும். உடம்பு முழு பலத்தோடு தவிர்க்கப் பார்ப்பதே அதைத்தான். அதிர்ச்சி நேரத்து நினைவு வரிசையாகப் பதிவதும் இல்லை. வந்த ஆளின் செருப்பு தெளிவாக ஞாபகம் இருக்கும், கிழமை மறந்திருக்கும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பி.டி.எஸ்.டி. இருப்பதாலேயே ஒரு குற்றச்சாட்டு நிரூபணம் ஆகிவிடாது. அது விசாரணையின், நீதிமன்றத்தின் வேலை. ஆனால் தாமதமும் தடுமாற்றமும் மட்டுமே பொய்க்கு அடையாளம் என்று முடிவு கட்டுவது, காய்ச்சலில் நடுங்குபவரைப் பார்த்து நடிக்கிறார் என்று சொல்வது போலத்தான்.

எப்படிக் கண்டறிவது? ஐந்து கேள்விகள்

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவ அமைப்பு உருவாக்கிய ஒரு சிறிய கேள்வித்தாள் பல நாடுகளில் பயன்படுகிறது. அதன் சாரம் இது. மிகக் கொடுமையான ஒரு சம்பவத்தைச் சந்தித்த பிறகு, கடந்த ஒரு மாதத்தில்:

1. அதைப் பற்றிய கெட்ட கனவுகளோ, வேண்டாமென்றாலும் வந்து நிற்கும் நினைவுகளோ உண்டா?
2. அதை நினைக்காமல் இருக்கப் பெரும்பாடு படுகிறீர்களா, அதை நினைவுபடுத்தும் இடங்களையும் ஆட்களையும் தவிர்க்கிறீர்களா?
3. எப்போதும் உஷாராகவே இருக்கிறீர்களா, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுகிறீர்களா?
4. மனசு மரத்துப்போய், மனிதர்களிடமிருந்தும் பிடித்த வேலைகளிலிருந்தும் விலகிவிட்டதாகத் தோன்றுகிறதா?
5. நடந்ததற்கு உங்களையோ மற்றவர்களையோ குற்றம் சொல்வதை நிறுத்த முடியவில்லையா?

மூன்று அல்லது அதற்கு மேல் 'ஆமாம்' என்றால் ஒரு மனநல மருத்துவரையோ உளவியல் நிபுணரையோ பார்ப்பது நல்லது. இது நோயறிதல் இல்லை, கதவைத் தட்டும் வழி. மனச்சோர்வு, தைராய்டு, ரத்தசோகை போன்றவையும் சேர்ந்தே இருக்கலாம் என்பதால் மருத்துவர் அவற்றையும் பார்க்க வேண்டும்.

கேட்கும் இடமும் முக்கியம். கணவரும் மாமியாரும் பக்கத்தில் நிற்கும்போது 'வீட்டுல ஏதும் பிரச்சினையாம்மா?' என்று கேட்டால் 'இல்லை' என்றுதான் பதில் வரும். தனியாக, கதவு சாத்திய அறையில், பொறுமையாகக் கேட்க வேண்டும்.

என்ன சிகிச்சை?

முதலில், எது வேண்டாம் என்று பார்ப்போம். சம்பவம் நடந்த சில நாட்களில் எல்லோரையும் உட்கார வைத்து 'என்ன நடந்தது, எல்லாத்தையும் கொட்டிடுங்க' என்று வற்புறுத்தும் ஒருநாள் கவுன்சிலிங்கை உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கவில்லை. அந்த நேரத்தில் தேவை பாதுகாப்பு, சாப்பாடு, தகவல், சொந்தங்களோடு சேர்ந்திருப்பது, பேச விரும்பினால் காது கொடுப்பது.

ஒரு மாதம் தாண்டியும் அறிகுறிகள் இருந்தால், அதிர்ச்சியை மையமாக வைத்த பேச்சு சிகிச்சைதான் முதல் தேர்வு. வாரம் ஒருமுறை என்று, பொதுவாக 8 முதல் 16 அமர்வுகள். மூன்று வகைகள் நன்கு சோதிக்கப்பட்டவை.

ஒன்றில், பாதுகாப்பான அறையில் அந்த நினைவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லப் பழக்குவார்கள். தவிர்த்த இடங்களுக்கும் படிப்படியாகப் போகச் செய்வார்கள். நினைவு வேறு, ஆபத்து வேறு என்று உடம்பு மெதுவாகக் கற்றுக்கொள்ளும். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்குச் சிகிச்சை அளித்த அனுபவத்தில் எட்னா ஃபோவா வளர்த்த முறை இது.

இன்னொன்று, சிக்கிக்கொண்ட எண்ணத்தை அவிழ்ப்பது. 'அன்னைக்குப் போகாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவர் உயிரோட இருந்திருப்பார்' என்று ஒரு மனைவி ஆண்டுக்கணக்கில் தன்னையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருக்கலாம். அன்று கரையில் யாருக்கு என்ன தெரிந்திருந்தது, எச்சரிக்கை எப்போது வந்தது, ஒரு மனைவியின் கையில் என்ன இருந்தது என்று சாட்சியங்களை அவரோடு சேர்ந்து அலசுவார் சிகிச்சையாளர். ஆறுதல் வார்த்தையால் போகாத குற்ற உணர்வு, இப்படி அலசும்போது தளரும். மூன்றாவது இ.எம்.டி.ஆர்.; நினைவை மனதில் வைத்தபடியே கண்களை இடவலமாக அசைக்கச் செய்யும் முறை.

மாத்திரை? செர்ட்ராலின், பராக்ஸெட்டின் போன்ற மருந்துகள் உதவும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். 'ரெண்டு நாள் சாப்பிட்டேன், ஒண்ணும் தெரியல' என்று நிறுத்தக் கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தாங்களாகத் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது. எது பொருந்தும் என்று மருத்துவர் தேர்ந்தெடுப்பார். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரைகள் வேறு வகை. அவை பி.டி.எஸ்.டி.யைக் குணப்படுத்துவதில்லை, நாளாக நாளாகப் பழக்கமாகிவிடும்.

சிகிச்சை இல்லாமலே சரியாகிவிடாதா? சிலருக்கு ஆகும். முன்பு சொன்ன அந்த அமெரிக்க ஆய்விலேயே இதற்கும் கணக்கு இருக்கிறது. சிகிச்சை பெற்றவர்களில் பாதிப் பேர் மீள 36 மாதம் ஆனது, பெறாதவர்களில் 64 மாதம். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் பல ஆண்டுகள் கழித்தும் முழுதாக மீளவில்லை. இன்றுள்ள சிகிச்சைகள் பரவலாகும் முன் எடுத்த கணக்கு அது.

ஜெபம், நேர்ச்சை, தியானம் எல்லாம் பலருக்குப் பெரிய பலம். கடற்கரையில் பங்குத்தந்தையிடம்தான் முதலில் போவார்கள். அதை விட்டுவிடச் சொல்ல வேண்டியதில்லை. அங்கிருந்தே மருத்துவரிடமும் ஒரு வழி இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

ஆபத்து இன்னும் முடியவே இல்லையென்றால்?

'அதிர்ச்சிக்குப் பிந்தைய' என்ற பெயரிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. அதிர்ச்சி முடிந்துவிட்டது என்று அது எடுத்துக்கொள்கிறது. திருவனந்தபுரத்தின் வடக்கே முதலப்பொழி துறைமுக முகத்துவாரத்தில் படகுகள் கவிழ்ந்து மீனவர்கள் இறப்பது திரும்பத் திரும்ப வரும் செய்தி. வலியதுறையில் கடலரிப்பில் வீடு போன குடும்பங்கள் சிமென்ட் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் முகாம் வாழ்க்கை வாழ்ந்தன. கணவனைக் கடலில் இழந்த பெண்ணின் மகன் அதே கடலுக்குத்தான் போகிறான். அவர் இரவில் விழித்திருப்பது முழுக்க நோய் என்று சொல்ல முடியுமா?

அடிக்கும் கணவனோடு ஒரே வீட்டில் இருப்பவருக்கும் இதே நிலைதான். 'பயப்படாதீங்க' என்று அவருக்குச் சொல்வது ஆபத்தான அறிவுரை. அங்கே பாதுகாப்புக்கான வழி, சட்ட உதவி, கையில் கொஞ்சம் பணம் எல்லாம் சிகிச்சையின் பகுதி. கடற்கரையில் சரியான நேரத்தில் எட்டும் புயல் எச்சரிக்கையும், பாதுகாப்பான முகத்துவாரமும், கடல் எடுக்காத இடத்தில் ஒரு வீடும் அதே போலத்தான். நிஜமான ஆபத்தை அரசு குறைத்தால்தான், மீதமிருக்கும் பொய்யான அபாய மணியைச் சிகிச்சையாளர் அணைக்க முடியும்.

எங்கே போவது?

14416 என்பது மத்திய அரசின் டெலி-மானஸ் உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கியது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். கேரளத்தில் 'திஷா' எண் 1056, தமிழகத்தில் 104. வன்முறையில் இருக்கும் பெண்களுக்கு 181, உடனடி ஆபத்துக்கு 112. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் இந்த எண்களில் ஒன்றை அழையுங்கள், அல்லது அருகிலுள்ள மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மனநல மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் மனநலத் துறை இருக்கிறது. எல்லை தாண்டிக் குமரி மக்களும் அந்த மருத்துவமனைக்குப் போகிறவர்கள்தான். நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளுக்கு வருகிறார்கள். கேரள அரசு மருத்துவமனைகளில் வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக 'பூமிகா' மையங்களும், குடும்பஸ்ரீயின் 'ஸ்நேகிதா' உதவி மையங்களும் இயங்குகின்றன.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அரசிடம் மனநலச் சிகிச்சை பெறுவதை உரிமையாக்கியிருக்கிறது. உங்கள் விவரங்களை ரகசியமாக வைத்திருக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனங்கள் உடல் நோய்க்கு இணையாக மனநோய்க்கும் பாதுகாப்புத் தர வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு அரசு, தனியார் என எந்த மருத்துவமனையும் உடனே இலவசமாகச் சிகிச்சை அளித்தாக வேண்டும்.

முதல் கேள்வியை யார் கேட்பது?

எண்களும் மையங்களும் இருந்தாலும், மரத்துப்போன ஒரு பெண் தானாக எழுந்து போவது அரிது. யாராவது வீட்டுக்கு வந்து கேட்க வேண்டும். அப்படி வீடு வீடாகப் போகும் ஒரே ஆள் பெரும்பாலும் ஆஷா பணியாளர்தான். யார் வீட்டில் யார் தூங்குவதில்லை என்று அவருக்குத் தெரியும். கேரளத்தில் குடும்ப சுகாதார மையங்களில் மனச்சோர்வைக் கண்டறியும் 'ஆஸ்வாசம்' திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. மேலே சொன்ன ஐந்து கேள்விகளை அதோடு சேர்ப்பது பெரிய செலவில்லை. புயலோ நிலச்சரிவோ நடந்தால் முதல் வாரத்தோடு நிற்காமல் ஆறாம் மாதமும் முதலாம் ஆண்டும் திரும்பிப் போய்க் கேட்பதும் அப்படித்தான். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையில் உயிர் பிழைத்த பெண்களுக்கும் இது பொருந்தும்.

ஆனால் அந்த ஆஷா பணியாளர்களே 2025 பிப்ரவரி 10 முதல் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். அப்போது அவர்களின் மாத மதிப்பூதியம் 7,000 ரூபாய். அடுத்தவர் வீட்டுத் துயரத்தைக் கேட்கும் வேலையை நாம் என்ன விலைக்கு வைத்திருக்கிறோம் என்பதற்கு அது ஒரு கணக்கு.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ 'ஒண்ணுமில்ல' என்று சொல்லிக்கொண்டே தூக்கமில்லாமல் நடமாடும் ஒருவர் இருந்தால், 'உனக்கு என்ன ஆச்சு, ஏன் இப்படி இருக்கே?' என்று கேட்காதீர்கள். அதில் குற்றம் சாட்டும் தொனி இருக்கிறது. 'உனக்கு என்ன நடந்துச்சு? சொல்லணும்னு தோணும்போது சொல்லு, நான் இருக்கேன்' என்று சொல்லிப் பாருங்கள். பதில் உடனே வராது. வரும்போது குறுக்கே பேசாமல் கேளுங்கள். மருத்துவரிடம் போகும் நாளில் கூடவே போங்கள்.